லீவ் லெட்டருக்குள் இருக்கும் கிராமர்

"ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ ஆம் அனேபிள் டு அட்டெண்ட் ஸ்கூல் டுடே." தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த வரி வந்துவிடும். பின்னாலேயே அடுத்ததும் வரும்: "ஐ கைண்ட்லி ரெக்வெஸ்ட் யூ டு கிராண்ட் மீ லீவ் ஃபார் டூ டேஸ்."

மதுரையில் சில வருடங்களாக மாலை வேளைகளில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் தம்பி, கோயில் பக்கத்தில் டிபன் கடை வைத்திருக்கும் அக்கா, கொரியர் ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் பெண், பேங்க் பரீட்சைக்குப் படிப்பவர்கள், பிள்ளையின் டீச்சரிடம் நாலு வார்த்தை பேசிவிட வேண்டும் என்பதற்காகவே வரும் அம்மாக்கள். வந்ததும் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "எனக்கு கிராமர் சுத்தமா வராது மிஸ்." லீவ் லெட்டர் எழுதச் சொல்வேன். தப்பில்லாமல் எழுதுவார்கள். அந்த ரெண்டு வரியையும் போர்டில் பிரித்துப் போடுவேன். காரணம் சொல்ல 'ஆஸ்'. இப்போது நடப்பதைச் சொல்ல 'ஆம் சஃபரிங்'. முடியாது என்பதற்கு 'அனேபிள் டு', அதற்குப் பின்னால் வினைச்சொல் எந்த ஒட்டும் இல்லாமல். ஒருவரை ஒன்று செய்யச் சொல்லிக் கேட்பதற்கு 'ரெக்வெஸ்ட் யூ டு'. எத்தனை நாள் என்பதற்கு 'ஃபார்'. இதில் ஒன்றைக்கூட அவர்கள் விதி படித்துக் கற்கவில்லை. முழு வாக்கியமாக நாக்கில் ஏறியது.

ஆனால் அதே ஆளிடம், "பையனுக்கு உடம்பு சரியில்ல, அதனால மீட்டிங்குக்கு வர முடியாது" என்பதைச் சொல்லச் சொன்னால் திணறிப்போவார். வாக்கியம் மொத்தமாக மனப்பாடம் ஆகியிருக்கிறது, அதைப் பிரித்து இன்னொன்று கட்டலாம் என்று பள்ளியில் யாரும் காட்டவில்லை. காய்ச்சல் இருந்த இடத்தில் முதுகுவலியை வைக்கச் சொல்வேன். அப்புறம் காரணத்தையே மாற்றச் சொல்வேன்: "ஆஸ் மை சன் இஸ் நாட் வெல், ஐ ஆம் அனேபிள் டு அட்டெண்ட் தி மீட்டிங்." அப்புறம் ஸ்கூலை எடுத்துவிட்டுக் கல்யாணம், இன்டர்வியூ, பூஜை. கொஞ்ச நேரத்தில் ஆளுக்கு ஒன்றாகச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

இந்த வகுப்புகளில் எனக்கு உறுதிப்பட்ட விஷயம் இது. இலக்கணம் எடுத்துக்காட்டு வாக்கியத்தின் மேல் ஏறித்தான் மனதுக்குள் வருகிறது. அந்த வாக்கியம் நாம் தினமும் பார்க்கிற, கேட்கிற வாக்கியமாக இருக்க வேண்டும். அதற்குப் பக்கத்தில் வைக்கிற தமிழும் நாம் வாயால் பேசுகிற தமிழாக இருக்க வேண்டும். இந்த இரண்டாவதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். 'நான் சென்றுகொண்டிருக்கிறேன்' என்று எழுத்துத் தமிழை வைத்து விளக்கினால், படிக்கிறவர் ரெண்டு பாஷையை ஒரே நேரத்தில் சமாளிக்க வேண்டியிருக்கிறது.

பாஸ்ட் பெர்ஃபெக்ட் என்றதும் எல்லாருக்கும் ஞாபகம் வருவது, "தி பேஷன்ட் ஹேட் டைட் பிஃபோர் தி டாக்டர் கேம்." தலைமுறை தலைமுறையாக இதே நோயாளி, இதே டாக்டர். இந்த வாக்கியம் தப்பில்லை. ஆனால் 'ஹேட்' எதற்கு என்பதை இது காட்டவே காட்டாது. எது முதலில், எது பிறகு என்பதை 'பிஃபோர்' சொல்லிவிடுகிறது. 'ஹேட்' இல்லாமல் 'தி பேஷன்ட் டைட் பிஃபோர் தி டாக்டர் கேம்' என்றாலும் அர்த்தம் மாறாது. வேலையே இல்லாத இடத்தில் ஒரு சொல்லைக் காட்டி, இதுதான் இதன் வேலை என்று எப்படிப் புரியவைப்பது?

நான் ரயில்வே ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போவேன். "நான் போனப்ப வண்டி கிளம்புச்சு" என்றால் வண்டி கண் முன்னால் நகர்கிறது, ஓடினால் தொற்றிக்கொள்ளலாம். "நான் போனப்ப வண்டி கிளம்பியிருந்துச்சு" என்றால் பிளாட்பாரம் காலி. ஆங்கிலத்திலும் இதே ரெண்டுதான்: "வென் ஐ ரீச்ட் தி ஸ்டேஷன், தி ட்ரெய்ன் லெஃப்ட்." "வென் ஐ ரீச்ட் தி ஸ்டேஷன், தி ட்ரெய்ன் ஹேட் லெஃப்ட்." தமிழில் 'இருந்துச்சு' எங்கே வருகிறதோ அங்கே 'ஹேட்'. சொன்ன உடனே, "அப்ப சாப்பிட்டிருந்தேன், ஹேட் ஈட்டன், சொல்லியிருந்தேன், ஹேட் டோல்டு, அப்படித்தானே மிஸ்?" என்று பின் வரிசையிலிருந்து குரல் வரும்.

அதே 'இரு' இன்னொரு பூட்டையும் திறக்கிறது. "மாமா வந்திருக்கார்" என்று வீட்டுக்குள் குரல் கொடுத்தால் மாமா இப்போது வாசலில் நிற்கிறார் என்று அர்த்தம். "மாமா நேத்து வந்தார்" என்றால் வந்துவிட்டுப் போயும் இருக்கலாம். முதலாவது 'அங்கிள் ஹேஸ் கம்', இரண்டாவது 'அங்கிள் கேம் எஸ்டர்டே'. பிரசன்ட் பெர்ஃபெக்ட் என்ற பெயரைச் சொல்லாமலே இதைச் சொல்லித்தந்துவிடலாம்.

ஒரு இடத்தில் மட்டும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். காலையில் எழுந்து வாசல் ஈரமாக இருப்பதைப் பார்த்து, "ராத்திரி மழை பெஞ்சிருக்கு" என்கிறோம். பார்த்ததை அல்ல, ஊகித்ததைச் சொல்கிறோம். தமிழில் 'ராத்திரி' என்ற நேரமும் 'இருக்கு'வும் ஒரே வாக்கியத்தில் ஒத்துப்போகும். ஆங்கிலத்தில் முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் 'ஹேஸ்' கூடவே வராது. 'இட் ரெயின்ட் லாஸ்ட் நைட்' என்று நேராகச் சொல்ல வேண்டும், அல்லது ஊகம் என்று காட்ட 'இட் மஸ்ட் ஹேவ் ரெயின்ட் லாஸ்ட் நைட்'. பேங்கிலிருந்து வரும் மெசேஜில், பணம் 'ஹேஸ் பீன் டெபிட்டட்' என்று போட்டு அதே வரியில் தேதியும் இருக்கும், அதைக் காட்டி மாணவர்கள் கேட்பார்கள். அது கம்ப்யூட்டரில் ஒரு தடவை எழுதி வைத்த படிவம். நாம் நம் கையால் மெயில் எழுதும்போது தேதி போட்டால் 'வாஸ் டெபிட்டட்', தேதி இல்லாவிட்டால் 'ஹேஸ் பீன் டெபிட்டட்' என்று வைத்துக்கொண்டால் எந்த ஊரிலும் செல்லும்.

டிபன் கடை அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோயிலுக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் அவர் கடையில் தோசை சாப்பிட்டுவிட்டுப் பேச்சுக் கொடுப்பார்கள். ஒரு நாளைக்கு என்னென்ன செய்வீர்கள் என்று நான் வகுப்பில் கேட்டபோது அவர் சொன்னது: "டெய்லி ஐ வில் கெட் அப் அட் ஃபோர். ஐ வில் லைட் தி ஸ்டவ். ஐ வில் மேக் சாம்பார். அட் சிக்ஸ் ஐ வில் ஓப்பன் தி ஷாப்." ஆங்கிலக்காரர் இதைக் கேட்டால், இந்தம்மா நாளையிலிருந்து இப்படியெல்லாம் செய்யப்போவதாக முடிவெடுத்திருக்கிறார் என்று நினைக்க இடமுண்டு. தமிழ் பேசுகிறவர்களின் ஆங்கிலத்தில் இதைப்போல் அடிக்கடி வருவது வேறில்லை. காரணமும் தமிழிலேயே இருக்கிறது. "நாலு மணிக்கு எந்திரிப்பேன், அடுப்பப் பத்த வைப்பேன், சாம்பார் வைப்பேன்." இந்த 'ப்பேன்' நாளைக்குச் செய்யப்போவதற்கும் வரும், தினமும் செய்வதற்கும் வரும். பள்ளியில் 'ப்பேன்' என்றால் எதிர்காலம், எதிர்காலம் என்றால் 'வில்' என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"அக்கா, வாக்கியத்துக்கு முன்னாடி 'வழக்கமா'ன்னு போட்டுப் பாருங்க. பொருந்துதா? அப்ப 'வில்' வேண்டாம். 'நாளைக்கு'ன்னு போட்டாத்தான் பொருந்துதா? அப்ப 'வில்' இருக்கட்டும்."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப, வீ ஓப்பன் அட் சிக்ஸ். டுமாரோ வீ வில் ஓப்பன் அட் செவன், நாளைக்கு அமாவாசை. சரியா மிஸ்?" ரெண்டு வாக்கியமும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்றதும் வகுப்பு முழுக்கப் புரிந்துகொண்டது. இன்றும் புதிதாக வருபவர்களுக்கு அந்த ரெண்டு வாக்கியத்தைத்தான் முதலில் தருகிறேன். சின்ன வயதுப் பழக்கத்துக்கும் தமிழில் இதே வடிவம்தான்: "லீவுக்குப் போனா ஆத்துல குளிப்போம்." அங்கே 'வீ யூஸ்டு டு பேத் இன் தி ரிவர்'. 'அப்பல்லாம்' என்று முன்னால் போட முடிந்தால் 'யூஸ்டு டு'.

'ஐ ஆம் நோயிங்', 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' இவற்றுக்குத் தாய்மொழியைக் குறை சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 'எனக்குத் தெரியும்', 'எனக்குப் பிடிக்கும்', 'எனக்கு வேணும்' இவற்றையெல்லாம் தமிழில் 'தெரிஞ்சுக்கிட்டிருக்கு', 'பிடிச்சுக்கிட்டிருக்கு' என்று நாமே சொல்வதில்லை. தமிழே அங்கே 'கிட்டிருக்கு'வை விடாது. ஆங்கிலமும் விடாது. 'ஐ நோ', 'ஐ லைக்', 'ஐ வான்ட்'. அண்ணன் தம்பி இருக்கிறார்கள், இருந்துகொண்டிருக்கிறார்கள் என்று சொல்வோமா? அதனால் 'ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்'. தமிழை ஒழுங்காகக் கேட்டாலே பாதித் தப்பு போய்விடும்.

பாஸிவ் வாய்ஸுக்கு வருவோம். 'ராமா கில்டு ராவணா', 'ராவணா வாஸ் கில்டு பை ராமா'. தமிழில் 'இராமனால் இராவணன் கொல்லப்பட்டான்'. எந்த வீட்டிலும் இப்படிப் பேச மாட்டார்கள், 'அம்மாவால் காபி போடப்பட்டது' என்று யார் சொல்கிறார்கள்? அதனால் பாஸிவ் என்பது பரீட்சைக்காகவே கண்டுபிடித்த வித்தை என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் அது செய்கிற வேலையைப் பேச்சுத் தமிழ் வேறு வழியில் தினமும் செய்துகொண்டேயிருக்கிறது. "கதவு பூட்டியிருக்கு." "போர்டுல எழுதியிருக்கு." "பால் காய்ச்சியாச்சு." "ஃபீஸ் கட்டியாச்சு." பூட்டியது யார், கட்டியது யார் என்ற பேச்சே இல்லை, அது தேவையும் இல்லை. 'தி டோர் இஸ் லாக்டு.' 'இட் இஸ் ரிட்டன் ஆன் தி போர்டு.' 'தி மில்க் ஹேஸ் பீன் பாயில்டு.' 'தி ஃபீஸ் ஹேவ் பீன் பெய்டு.' செய்தவரைச் சொல்லத் தேவையில்லாதபோது வருவதுதான் பாஸிவ். ராமர் உதாரணத்தில் செய்தவர் வாக்கியத்தின் கடைசியில் 'பை' என்று வந்து நிற்கிறார், ஆனால் தெருவில் நாம் பார்க்கும் பாஸிவ் வாக்கியங்களில் பெரும்பாலும் 'பை' கிடையாது.

கடை பில்லின் அடியில் இருக்கும், 'குட்ஸ் ஒன்ஸ் சோல்டு வில் நாட் பி டேக்கன் பேக்'. கேட்டில் தொங்கும், 'நோ பார்க்கிங், டைர்ஸ் வில் பி டிஃப்ளேட்டட்'. காற்றைப் பிடுங்கப்போவது யார் என்று எழுத யாருக்கும் விருப்பமிருக்காது. ரயில்வே ஸ்டேஷனில் வண்டி தாமதம் என்று அறிவித்துவிட்டுச் சொல்வார்கள், 'தி இன்கன்வீனியன்ஸ் காஸ்டு இஸ் டீப்லி ரெக்ரெட்டட்'. வருத்தப்படுவது யார் என்பது அதில் இல்லை. நடுவில் இருக்கும் 'காஸ்டு' நம்முடைய 'ஏற்பட்ட' என்பதுதான், 'ஏற்பட்ட சிரமம்' தமிழில் முன்னால் வரும், ஆங்கிலத்தில் பின்னால் ஒட்டிக்கொள்ளும். நம் ஊர் ஸ்டேஷன்களில் ஒரே அறிவிப்பைத் தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று தொடங்கியதும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள் என்று வகுப்பில் சொல்வேன். நெல்லை எக்ஸ்பிரஸ் 'வில் அரைவ் ஷார்ட்லி' என்றால் இதோ வரப்போகிறது. 'இஸ் எக்ஸ்பெக்டட் டு அரைவ்' என்றால் வரும் என்று எதிர்பார்க்கிறோம். 'இஸ் ரன்னிங் லேட் பை ஒன் ஹவர்' என்பதில் எவ்வளவு நேரம் என்பதற்கு 'பை' வருவதையும் கவனிக்கலாம். அர்த்தம் தமிழில் முதலிலேயே தெரிந்துவிடுவதால் ஆங்கிலம் வரும்போது அமைப்பை மட்டும் கேட்டால் போதும்.

போனில் கேட்கும் குரலும் அப்படித்தான். 'தி நம்பர் யூ ஹேவ் டயல்டு இஸ் கரன்ட்லி ஸ்விட்ச்டு ஆஃப்.' 'நீங்கள் அழைத்த எண்' என்பதில் விவரம் முன்னால், எண் கடைசியில். ஆங்கிலத்தில் எண் முன்னால், விவரம் பின்னால். கொரியர் ஆபீஸ் பெண்ணுக்கு இது பெரிய திறப்பாக இருந்தது. 'நீங்க அனுப்பின பார்சல்', 'தி பார்சல் யூ சென்ட்'. 'நீங்க சொன்ன அட்ரஸ்', 'தி அட்ரஸ் யூ கேவ்'. 'ஹூ, விச், தட்' என்று எதைப் போடுவது என்று குழம்பி அவர் எழுதாமல் விட்ட மெயில்கள் நிறைய. தமிழ் வாக்கியத்தில் அந்த வேலையைச் செய்யும் ஆள் தனியாக இருந்தால், அதாவது 'நீங்க அனுப்பின', 'நான் வாங்கின' என்று இருந்தால், ஆங்கிலத்தில் இடையில் எதுவும் வேண்டாம். 'நேத்து வந்த ஆள்' போல வந்தவரும் ஆளும் ஒருவராகவே இருந்தால் 'ஹூ' கட்டாயம் வேண்டும்: 'தி மேன் ஹூ கேம் எஸ்டர்டே'. அவர் இப்போது எழுதுவது: 'தி பார்சல் யூ சென்ட் ஆன் மண்டே ஹேஸ் ரீச்ட் சேலம்.' மேலே சொன்ன ரெண்டு பாடமும் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

அதே பெண்ணுக்கு இன்னொரு உதவி 'ன்னு'. "பார்சல் எப்ப வரும்?" நேர்க் கேள்வி, 'வென் வில் தி பார்சல் அரைவ்?' "பார்சல் எப்ப வரும்னு சொல்ல முடியுமா?" இங்கே கேள்விக்குப் பின்னால் 'ன்னு' ஒட்டியிருக்கிறது. ஒட்டினால் ஆங்கிலத்தில் கேள்வி தன் முறுக்கை விட்டு நேராகிவிடும்: 'குட் யூ டெல் மீ வென் தி பார்சல் வில் அரைவ்?' வங்கி, ஆஸ்பத்திரி, ஏர்போர்ட் எங்கே மரியாதையாகக் கேட்டாலும் இந்த அமைப்புதான் வரும்.

'சின்ஸ்', 'ஃபார்' பற்றி நிறையப் பேசத் தேவையில்லை. 'காலைலருந்து', 'போன மாசத்துலருந்து', '2019லருந்து' எல்லாம் 'சின்ஸ்'. 'ரெண்டு மணி நேரமா', 'மூணு வருஷமா' எல்லாம் 'ஃபார்'. தமிழ் நமக்காக முன்கூட்டியே பிரித்து வைத்திருக்கிறது. 'இஃப்' பின்னால் 'வில்' போடாதே என்ற விதிக்கும் போன் பில் மெசேஜே போதும்: 'இஃப் யூ ஹேவ் ஆல்ரெடி பெய்டு, ப்ளீஸ் இக்னோர் திஸ் மெசேஜ்.'

கண்ணில் படுகிற எல்லா வாக்கியத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். தினமும் இங்கிலீஷ் பேப்பர் படி, ஆங்கிலம் வந்துவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பேப்பரைக் கையில் எடுத்தவர் முதலில் படிப்பது தலைப்பு. ஆங்கிலத்திலேயே சாதாரண இலக்கணத்திலிருந்து மிகவும் விலகி நிற்பது தலைப்புதான். 'பஸ் ஓவர்டர்ன்ஸ் நியர் மேலூர்' என்று இருக்கும், நடந்தது நேற்று. 'டூ ஹெல்டு ஃபார் செயின் ஸ்னாட்சிங்' என்று இருக்கும், அந்த ரெண்டு பேர் யாரையோ பிடித்தார்களா, அவர்களைப் பிடித்தார்களா என்று புதியவருக்குப் புரியாது. 'மினிஸ்டர் டு விசிட் மதுரை' என்பதில் வினையே அரைகுறையாகத் தெரியும். தலைப்பில் நேற்று நடந்தது நிகழ்காலத்தில் வரும், 'வேர்' விழுந்துவிடும், நாளைக்கு நடப்பது 'டு' என்று வரும், 'ஏ', 'தி' எல்லாம் இடத்தை மிச்சப்படுத்தப் போய்விடும். அதனால் நான் தரும் பயிற்சி இது: தலைப்பையும் அதற்குக் கீழே செய்தியின் முதல் வரியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். 'டூ ஹெல்டு' என்பது கீழே 'டூ மென் வேர் அரெஸ்டட் ஆன் டியூஸ்டே' என்று முழு உருவத்தோடு இருக்கும். தலைப்பில் எது விழுந்தது என்று சுழித்துக் காட்டுங்கள். ஒரு வாரம் இதைச் செய்தவர்களுக்கு 'வாஸ்', 'வேர்', 'தி' மூன்றும் எங்கே உட்காரும் என்பது தானாகப் பிடிபட ஆரம்பிக்கிறது.

மருந்துக்கடைத் தம்பி விஷயத்திலும் இதேதான். பாட்டிலில் 'ஷேக் வெல் பிஃபோர் யூஸ்' என்று இருக்கிறது, 'கீப் அவுட் ஆஃப் ரீச் ஆஃப் சில்ட்ரன்' என்று இருக்கிறது. எதைக் குலுக்குவது, எதை எட்டாமல் வைப்பது என்பது லேபிளில் கிடையாது, ஏனென்றால் லேபிளே அந்தப் பொருளின் மேல்தான் ஒட்டியிருக்கிறது. வாயால் சொல்லும்போது அது வேண்டும். "ஷேக் இட் வெல் பிஃபோர் யூ டேக் இட். கீப் இட் அவே ஃப்ரம் சில்ட்ரன்." 'பிளீஸ்' ஒன்றை முன்னால் சேர்த்துக்கொள்ளவும் சொன்னேன், லேபிளுக்கு மரியாதை தேவையில்லை, கடையில் நிற்பவருக்குத் தேவை. இதைப் போல, வண்டிக் கண்ணாடியில் வரும் 'ஆப்ஜெக்ட்ஸ் இன் மிரர் ஆர் க்ளோசர் தேன் தே அப்பியர்' ஒப்பிட்டுச் சொல்வதற்கு அருமையான மாதிரி. ஆனால் பேசும்போது 'இன் தி மிரர்'.

இப்படி உண்மையில் புழங்கும் வாக்கியங்களிலிருந்து படிப்பது எனக்கு மட்டும் தோன்றிய யோசனை இல்லை. 1980களில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் ஒரு குழு, புத்தகங்கள், பத்திரிகைகள், பேச்சுகள் என்று நிஜமாக எழுதியதையும் பேசியதையும் கம்ப்யூட்டரில் சேர்த்து, எடுத்துக்காட்டுகளை அதிலிருந்தே எடுத்து 1987இல் ஓர் அகராதியைக் கொண்டுவந்தது. நமக்கு இன்னும் கிட்டத்தில், 1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு பெங்களூர், சென்னைப் பள்ளிகள் சிலவற்றில் இலக்கணப் பாடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, ரயில் டைம்டேபிளையும் மேப்பையும் கொடுத்து, எந்த வண்டியில் போனால் நேரத்துக்குப் போகலாம் என்று ஆங்கிலத்தில் யோசிக்கவைத்தார். கவனம் அர்த்தத்தில் இருக்கும்போதுதான் அமைப்பு உள்ளே இறங்குகிறது என்பது அவர் நம்பிக்கை. என் வகுப்பில் நான் அமைப்பையும் வெளிப்படையாகக் காட்டிவிடுகிறேன், பெரியவர்களுக்கு ஏன் என்று தெரிந்தால்தான் மனது சமாதானம் ஆகிறது.

வீட்டிலிருந்தே செய்ய நினைப்பவர்களுக்கு: ஒரு சின்ன நோட்டு போதும், பையில் எப்போதும் இருக்கட்டும். இடது பக்கம் நீங்கள் அன்று வாயால் சொன்ன ஒரு தமிழ் வாக்கியம், பேசியபடியே. வலது பக்கம் அதற்கு இணையாகக் கண்ணில் பட்ட ஆங்கில வாக்கியம், அது பில்லோ மெசேஜோ போர்டோ. எங்கே பார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள், அந்த இடம் ஞாபகம் வந்தால் வாக்கியமும் கூட வரும். பிறகு அந்த வாக்கியத்தில் ஒரு சமயத்தில் ஒரு சொல்லை மட்டும் மாற்றுங்கள். முதலில் ஆள், பிறகு பொருள், கடைசியாகக் காலம். மூன்றையும் ஒரே தடவையில் மாற்றினால் எது எதனால் மாறியது என்று தெரியாமல் போகும்.

வினைச்சொல்லைத் தனியாக எழுதாதீர்கள், அதன் பின்னால் என்ன வருகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 1924இல் ஆங்கிலம் கற்பிக்க ஜப்பான் போன ஏ.எஸ். ஹார்ன்பி, எந்த வினைக்குப் பின்னால் எந்த அமைப்பு வரும் என்பதை வகை வகையாகப் பிரித்து, 1942இல் டோக்கியோவில் வெளியான தன் அகராதிக்குள் வைத்தார். வெளியிலிருந்து ஆங்கிலத்துக்கு வருகிறவருக்கு அர்த்தம் மட்டும் தெரிந்தால் போதாது என்பதை வகுப்பில் நின்றவர் என்பதால் அவர் கண்டுகொண்டார். 'ரெக்வெஸ்ட் யூ டு' வரும், 'சஜஸ்ட் யூ டு' வராது. 'டெல் மீ' வரும், 'எக்ஸ்ப்ளெயின் மீ' வராது, 'எக்ஸ்ப்ளெயின் டு மீ' வேண்டும். 'டாக் அபவுட்' வரும், 'டிஸ்கஸ் அபவுட்' வராது. இதற்கெல்லாம் காரணம் தேட வேண்டாம், வாக்கியத்தோடு சேர்த்து எழுதி வைத்தால் கை பழகிவிடும்.

இப்போது வகுப்பில் 'ஏ', 'தி' ரெண்டையும் எடுத்திருக்கிறேன். எல்லாரும் பயப்படுகிற இடம். இதற்கும் தமிழில் ஒரு பிடி இருக்கிறது, 'ஐ' உருபு. "புத்தகம் வாங்கினேன்" என்றால் ஏதோ ஒரு புத்தகம், 'ஐ பாட் ஏ புக்'. "புத்தகத்தை வாங்கினேன்" என்றால் நீங்களும் நானும் பேசிக்கொண்டிருந்த அந்தப் புத்தகம், 'ஐ பாட் தி புக்'. "கடையில சேலை பார்த்தேன்", "கடையில சேலையப் பார்த்தேன்" இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லச் சொன்னால் படிக்காதவர்கூடச் சொல்லிவிடுவார். ஆனால் இது எல்லா இடத்துக்கும் போதாது. ஆட்களைச் சொல்லும்போது தமிழில் 'ஐ' எப்படியும் வந்துவிடும், 'ஒரு டாக்டரைப் பார்த்தேன்' என்பதற்கு 'ஏ டாக்டர்'தான். எழுவாயாக வரும் சொல்லுக்கு இந்த உருபு உதவவே உதவாது. அதனால் இந்த மாதம் பொருட்களை மட்டும், அதுவும் செயப்படுபொருளாக வரும் இடங்களை மட்டும் சேகரித்து வரச் சொல்லியிருக்கிறேன். அக்கா தன் கடையிலிருந்து ஒரு ஜோடி கொண்டுவந்தார்: "வடை எடுத்தார்", "வடையை எடுத்தார்." முதலாமவர் தட்டிலிருந்து தனக்கு ஒன்று எடுத்துக்கொண்டவர், 'ஹி டுக் ஏ வடா'. இரண்டாமவர் பக்கத்து இலையில் இருந்ததை எடுத்தவர், 'ஹி டுக் தி வடா'. அடுத்த வாரம் எழுவாய்க்குப் போகிறோம்.